இட்லிக்கடை அக்காவுக்குக் கடன் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியை. அம்மா இறந்த பிறகு ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் ஓர் அமைப்புக்கு 25,000 ரூபாய் அனுப்பிவருகிறேன். ரசீது வரும். அந்தப் பணம் யாருக்குப் போனது, அதனால் என்ன நடந்தது என்று எதுவும் தெரிவதில்லை. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருக்கும் ஒரு அக்காவிடம் பல வருடமாகக் காலை டிபன் வாங்குகிறேன். தினமும் ஒருவர் பைக்கில் வந்து அவரிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். விசாரித்தேன். "தண்டல்மா. பத்தாயிரம்னு பேரு, எட்டாயிரத்து ஐந்நூறுதான் கையில வரும். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது" என்றார். இந்த ஆண்டு அந்தப் பணத்தில் இவருக்கு நேரடியாக உதவலாமா? சும்மா கொடுப்பதா, கடனாகவா? வட்டி வாங்கலாமா? என் கணவர், "கடன் அன்பை முறிக்கும், அப்புறம் அந்தக் கடைக்கே போக முடியாது" என்கிறார். இணையத்தில் சிறு வியாபாரிகளுக்கு நாமே கடன் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றனவாமே, அதுதான் நல்லதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கொடுக்கலாம். கடனாகவே கொடுங்கள், வட்டி வேண்டாம். ஆனால் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த நூறு ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். கையில் வந்தது 8,500. நூறு நாளில் கட்டுவது 10,000. 'ஆயிரத்து ஐந்நூறுதானே கூடுதல்' என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 முழுதாக அவரிடம் இருப்பது ஒரே ஒரு நாள். மறுநாளே நூறு போகிறது, அதற்கு மறுநாள் இன்னொரு நூறு. பாதி நாள் போன பிறகு அவர் வைத்திருப்பது பாதிக் கடன்தான், வட்டி மட்டும் முழுக் கடனுக்கும் முதல் நாளே பிடித்தாகிவிட்டது. அன்றன்றைக்கு மிச்சமிருக்கும் தொகையை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வரும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்குப் பத்து வட்டி. ஒன்று முடிந்து ஒன்று என்று வருடம் முழுக்க ஓடினால், 8,500 ரூபாய் முதலைச் சுழற்றுவதற்கு அவர் கொடுக்கும் வட்டி 5,000 ரூபாய்க்கு மேல்.

இவ்வளவு வட்டி என்று தெரியாமல் அவர் வாங்குகிறார் என்று நினைக்காதீர்கள். நான் வங்கியில் களப்பணி பார்த்த காலத்தில் தண்டல் வாங்கும் பெண்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். எவ்வளவு போகிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகவே தெரியும். தண்டல்காரர் கடை வாசலுக்கே வருகிறார். கேட்ட அன்றைக்கே பணம் கொடுக்கிறார். ஆதார் நகல், போட்டோ, ஜாமீன், 'நாளைக்கு வாங்க' எதுவும் கிடையாது. கேஸ் சிலிண்டர் தீர்ந்த காலையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவருடைய இடத்தில் நீங்கள் வரப்போகிறீர்கள் என்றால், வட்டியில்லாமல் கொடுப்பது மட்டும் போதாது. அவசரத்துக்கு அவர் எப்படிக் கைகொடுத்தாரோ அதற்கும் ஒரு வழி இருக்க வேண்டும்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாமே தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதற்காக நீங்கள் அந்த பைக்காரரை நிறுத்திச் சட்டம் பேசாதீர்கள். நீங்கள் பேசிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவீர்கள். அக்கா அந்தத் தெருவில்தான் கடை போட வேண்டும். மிரட்டல், வீட்டுக்கு வந்து கத்துவது என்று ஏதாவது நடந்து, அவரே புகார் கொடுக்க விரும்பினால் அப்போது துணைக்குப் போங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை நீங்கள் பணம் கொடுத்து நடுவில் அடைக்க வேண்டாம். பலரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான், ஆனால் இதில் பெரிதாக லாபமில்லை. வட்டியை முன்கூட்டியே பிடித்துவிட்டதால் நாற்பதாவது நாளில் அடைத்தாலும் மிச்ச அறுபது நாளுக்கான ஆறாயிரத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், ஒரு ரூபாய் குறையாது. பழைய தண்டல் அதன்போக்கில் முடியட்டும். முடிகிற வாரத்தில்தான் அடுத்தது எடுக்கும் நெருக்கடி வரும். உங்கள் பணம் போய்ச் சேர வேண்டியது அந்த வாரத்தில். அட்டையில் இன்னும் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தண்டல்தானா, இரண்டு மூன்று ஓடுகிறதா என்பதையும் பக்குவமாகக் கேளுங்கள். குழுக் கடன், வாரத் தவணை என்று நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கியதும் இருக்கலாம். ஏற்கெனவே மூன்று இடத்துக்குத் தவணை கட்டுபவருக்கு நாலாவதாக நீங்கள் கடன் கொடுத்தால், வட்டியே இல்லாவிட்டாலும் அது பாரம்தான்.

சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளிடம் செந்தில் முல்லைநாதன், டீன் கார்லன், பெஞ்சமின் ராத் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காலையில் ஆயிரம் ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் ஆயிரத்து ஐம்பதாகத் திருப்பிக் கொடுக்கும் வியாபாரம் நம் சந்தைகளில் உண்டு அல்லவா, அது மாதிரி கொடுவட்டிக் கடனில் இருந்தவர்கள் இவர்கள். சிலருடைய கடனை ஆராய்ச்சியாளர்களே முழுதாக அடைத்துவிட்டார்கள். இனி வட்டியே கிடையாது, லாபம் முழுக்கக் கையில். என்ன ஆனது? பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி வட்டிக்கு வாங்கிவிட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு 'ஏழைகளுக்குக் கொடுத்தாலும் பிரயோசனமில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமான முடிவாகப் படுகிறது. கடன் அடைந்ததே தவிர, அந்த வியாபாரியின் வாழ்க்கையில் வேறு எதுவும் மாறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, மழை பெய்தது, நாத்தனார் வீட்டில் விசேஷம் வந்தது. கையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் இல்லாதவர் அன்றைக்கு முதலில்தான் கை வைப்பார், மறுநாள் சரக்கெடுக்க வட்டிக்காரரிடம்தான் போவார். ஆகவே கடனை அடைப்பதோடு, அடுத்த காய்ச்சலுக்கான பணமும் அவரிடம் சேர வேண்டும்.

அந்த ஆயிரம் ரூபாய் வியாபாரி தினமும் லாபத்தில் ஐந்தே ஐந்து ரூபாயை எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் குறைவாகக் கடன் வாங்கி, அதனால் மிச்சமாகும் வட்டியையும் முதலிலேயே போட்டுக்கொண்டே வந்தால், ஐம்பது நாளில் கடனே வாங்க வேண்டியதில்லை. நீங்கள் ஆசிரியை, கரும்பலகையில் போட்டே பார்க்கலாம். ஐந்து ரூபாய் சேமிப்புக்கு அவ்வளவு வலு. அந்த ஐந்து ரூபாயை ஐம்பது நாள் தொடாமல் வைத்திருப்பதுதான் ஆகாத காரியமாக இருக்கிறது.

எனவே நான் சொல்லும் ஏற்பாடு இது. தண்டல் முடிகிற வாரத்தில் 10,000 ரூபாயை முழுதாகக் கொடுங்கள். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் எடுத்து வைக்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது மிகப் பெரிய சொத்து, அதைக் கலைக்க வேண்டாம். அந்த நூறில் அறுபது உங்களுக்கு, நாற்பது அவருக்கே. பத்தாயிரம் அடைய 167 கடை நாள் ஆகும். ஞாயிறு விடுமுறை, மழை எல்லாம் சேர்த்து ஆறு ஏழு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடன் தீரும் நாளில் அவருடைய கணக்கில் 6,680 ரூபாய் இருக்கும். அதற்குப் பிறகு அவருக்கு உங்கள் பணமும் வேண்டாம், தண்டலும் வேண்டாம்.

அந்த நாற்பதை எங்கே போடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு ஒழுங்குக்கு நல்லதுதான், ஆனால் அவசரத்துக்கு உடனே எடுக்க முடியாது. எடுக்க முடியாத பணம் காய்ச்சல் நாளில் உதவாது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். தினமும் டப்பாவில் போட்டு வாரம் ஒருநாள் கணக்கில் கட்டலாம். மகளிர் சுய உதவிக்குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. சந்தா கட்டி வருபவருக்குக் குழுவின் உள்கடன் கிடைக்கும், அதன் வட்டி தண்டலோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தவை, இன்றைக்கு ஏதோ ஒரு குழு இல்லாத தெரு அபூர்வம். அவர் குழுவில் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். காலை மூன்றரைக்கு எழுந்து மாவு, சட்னி, சாம்பார் என்று ஓடுபவருக்குக் கூட்டத்துக்குப் போக நேரமில்லாமல் இருக்கலாம். சில இடங்களில் பழைய மனஸ்தாபமும் இருக்கும்.

தவணையை என்றைக்கு ஆரம்பிப்பது? இதில் நீங்கள் செய்யக்கூடியதை எந்த நிறுவனமும் செய்வதில்லை. நுண்கடன் நிறுவனங்களில் பெரும்பாலும் பணம் கொடுத்த இரண்டாவது வாரமே தவணை ஆரம்பித்துவிடும். எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோரும் இன்னும் இருவரும் கொல்கத்தாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்கள் பணத்தைத் தைரியமாகத் தொழிலில் போட்டார்கள், அவர்களுடைய லாபமும் பின்னாளில் கூடுதலாக இருந்தது. கடனைச் சரியாகக் கட்டாதவர்களும் அந்தப் பகுதியில்தான் கூடுதலாக இருந்தார்கள். முதலீட்டாளருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிறுவனம் இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பயப்படும். நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மாதம் விடுங்கள். அந்த மாதத்தில் அவர் ஒரு மூட்டை இட்லி அரிசியும் பத்துக் கிலோ உளுந்தும் மொத்தமாக வாங்கிப் போடுவாரா, பெரிய இட்லிப் பானை வாங்குவாரா, கூடுதலாக ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்வாரா, அது அவர் பாடு. பக்கத்துக் கடையில் அரைக்கிலோ ஒருகிலோவாக உளுந்து வாங்குபவருக்கும் மொத்தக் கடையில் மூட்டையாக எடுப்பவருக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். என் பார்வையில் சின்னக் கடனின் முதல் லாபம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

கடை போடாத நாளுக்குத் தவணை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தள்ளுவண்டி நிற்காது. உங்கள் தெருமுனைக் கடையில் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்றால் மே மாத வியாபாரம் பாதிதான். இதெல்லாம் தினமும் அங்கே நின்று இட்லி வாங்கும் உங்களுக்குத் தெரியும். தொலைவில் உட்கார்ந்து கணினியில் தவணை அட்டவணை போடுபவருக்குத் தெரியாது.

முகமது யூனுஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய கிராமீன் வங்கியும் 2006இல் கிடைத்த நோபல் பரிசும் எல்லோருக்கும் தெரியும். அதன் ஆரம்பம் உங்கள் கடிதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 1976இல் அவர் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். பக்கத்தில் ஜோப்ரா என்றொரு கிராமம். அங்கே மூங்கில் முக்காலி முடையும் பெண் ஒருவர், மூங்கில் வாங்க வியாபாரியிடம் ஐந்து டாக்கா கடன் வாங்கி, முடைந்ததை அவரிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க உழைத்து மிஞ்சியது அரை டாக்கா. இப்படி எத்தனை பேர் என்று விசாரித்ததில் 42 பேர் தேறினார்கள், மொத்தக் கடன் 856 டாக்கா. யூனுஸ் அதைத் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை, முடியும்போது கொடுங்கள் என்றார். முக்காலியை நல்ல விலை தருபவருக்கு விற்கும் சுதந்திரம் அந்தப் பெண்ணுக்கு அதனால் கிடைத்தது. வங்கி, வாரக் கூட்டம், ஐந்து பேர் குழு எல்லாம் அப்புறம் வந்தவை. பக்கத்து ஊரில் கண்ணால் பார்த்த ஒரு கஷ்டத்துக்கு ஒருவர் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்ததுதான் முதல் படி.

அந்த முதல் படியைப் பெரிதாக்கியபோது சில இடங்களில் அது கெட்டும் போனது. 2010இல் ஆந்திராவில் ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்து, வாரா வாரம் நெருக்கி, தற்கொலைகள் வரை போய், அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. இப்போதைய விதிப்படி நுண்கடன் என்பது ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பது. அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பாதி என்பதே எனக்கு அதிகமாகத் தெரிகிறது. நீங்கள் கொடுப்பதற்கு அதில் கால்வாசிகூடப் போக வேண்டாம்.

உங்கள் பத்தாயிரத்தால் அவர் ஹோட்டல் திறப்பார், வீடு கட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா என்று ஆறு நாடுகளில் நுண்கடனை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவுகள் ஒரே திசையில் இருக்கின்றன: வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை, ஓரளவு நன்மை உண்டு. மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய் வட்டிக்குப் போகாமல் வீட்டில் நிற்பது, பைக் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்காமல் இருப்பது. எனக்கு அது போதும். உங்களுக்கும் போதும் என்றால் இறங்குங்கள்.

சரி, வட்டி ஏன் வேண்டாம் என்கிறேன்? வட்டிக்குக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தால் தமிழ்நாட்டில் லேவாதேவி உரிமம் எடுக்க வேண்டும். ஒருவருக்கு, இருவருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது தொழில் ஆகாதுதான். ஆனாலும் வட்டி என்று வந்துவிட்டால் நாளைக்கு 'டீச்சரும் வட்டிக்கு விடுறாங்க' என்று தெருவில் பேச்சு வரும், அடுத்தவர் வந்து கேட்பார். நீங்கள் அரசு ஊழியர், அந்தப் பேச்சு உங்களுக்கு வேண்டாம். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபே மாதிரி வழியாகவோ அனுப்பினால் இருவருக்கும் பதிவு இருக்கும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தொகை அதற்குள்தான் இருக்கிறது.

அனுப்பும் முன், எந்தக் கணக்குக்கு அனுப்பட்டும் என்று அவரிடமே கேளுங்கள். பல வீடுகளில் செல்போனும் ஏடிஎம் கார்டும் மகனிடமோ கணவரிடமோ இருக்கும். பணம் கணக்கில் விழுந்த அரைமணி நேரத்தில் வேறு எங்கோ போய்விட்டால், அடைக்கும் பொறுப்பு மட்டும் அக்கா தலையில் நிற்கும். "கையிலயே கொடுங்கம்மா" என்றால் கையில் கொடுங்கள்.

புரோநோட்டு எழுதி வாங்கலாமா என்று உங்கள் கணவர் கேட்பார். எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட அது பயன்படும். பத்தாயிரத்துக்காக இட்லிக்கடை அக்கா மேல் நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை. போடாத வழக்குக்குப் பத்திரம் எதற்கு? வெற்றுத்தாளில் கையெழுத்து, ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு என்று வாங்கி வைக்கும் வேலையே வேண்டாம். நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்குங்கள். தேதி, கொடுத்த தொகை, நாளுக்கு அறுபது, மழை நாள் இல்லை, இவ்வளவையும் இரண்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். வாரம் ஒருமுறை சேர்த்துக் கொடுக்கும்போது இரண்டிலும் எழுதிக் கையெழுத்து. எழுத்து தெரியாதவராக இருந்தால் அவர் வீட்டில் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

அயர்லாந்தில் 1720களிலேயே, கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் தன் சொந்தப் பணம் 500 பவுண்டை ஒதுக்கி, டப்ளின் நகரத்துக் கைத்தொழிலாளர்களுக்கு ஐந்து, பத்து பவுண்டாக வட்டியில்லாமல் கொடுத்து, வாரத் தவணையாகத் திருப்பி வாங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் இருவர் உத்தரவாதம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. உங்களுக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. இத்தனை வருடம் ஒருநாளும் கெட்டுப்போன சட்னி போடாத, சில்லறையில் ஏமாற்றாத கடைக்காரரை உங்களுக்கே தெரியும்.

பேசப் போகும் நேரமும் முக்கியம். காலை ஏழு முதல் ஒன்பது வரை கூட்டம் இருக்கும், அப்போது பேச்சே எடுக்காதீர்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல், அவர் பாத்திரம் கழுவ ஆரம்பித்த பிறகு போங்கள். 'உங்களுக்கு உதவி பண்ணணும்னு நினைக்கிறேன்' என்று ஆரம்பித்தால் சங்கோஜப்படுவார். "அக்கா, அந்தத் தண்டல் முடிஞ்சதும் அடுத்தது எடுக்காதீங்க, நான் கைமாத்தா தரேன், கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க" என்று நேரே சொல்லிவிடலாம். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். தண்டல்காரர் அவருடைய சொந்தக்காரராகவே இருக்கலாம். நாளைக்குப் பிள்ளையின் கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்ற கணக்கு இருக்கலாம்.

கொடுத்த பிறகு இட்லிக்குக் கட்டாயம் காசு கொடுங்கள். "இருக்கட்டும்மா" என்பார். நாலு இட்லிதானே என்று ஒருநாள் விட்டால் அதுவே வட்டியாகிவிடும், உங்களுக்கு முன்னால் நிற்பவரை விட்டுவிட்டு உங்களுக்கு முதலில் கட்டிக் கொடுப்பதும் அப்படித்தான். கடை முன் நின்று தவணையைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு வாரம் வரவில்லை என்றால் மறு வாரம் வரை பொறுத்திருங்கள், பிறகு தனியாக "என்னக்கா, ஏதாவது சிரமமா?" என்று கேளுங்கள்.

கடன் அன்பை முறிக்கும் என்று உங்கள் கணவர் சொல்வது அனுபவத்தில் பிறந்த பேச்சுதான், நான் மறுக்கவில்லை. நான் பார்த்தவரை உறவு முறிவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, கொடுத்தவருக்கு அந்தப் பணம் சீக்கிரமே தேவைப்பட்டது. இன்னொன்று, எப்போது எவ்வளவு என்று பேசாமலே கொடுத்தது. வாங்கியவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பிப்பார். உங்கள் விஷயத்தில் இது எப்படியும் நீங்கள் கொடையாகக் கொடுக்க இருந்த பணம். வராமலே போனாலும் வீட்டுச் செலவு நிற்காது. அதை மனதில் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் அவரிடம் சொல்லாதீர்கள். "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்று சொல்லிக் கொடுத்தால் அது கடனும் இல்லை, கொடையும் இல்லை. வாங்கினால் திருப்பிக் கொடுப்பவர் என்ற மரியாதையை நூறு நாளும் கட்டம் கட்டமாகச் சம்பாதித்தவர் அவர்.

அப்படியானால் சும்மா கொடுக்கவே கூடாதா? கூடும். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, பள்ளிக்கட்டணம் மாதிரி வருமானம் கொண்டுவராத செலவுக்குக் கடன் கொடுக்காதீர்கள். முடிந்தால் சும்மாவே கொடுங்கள். நடுவில் அவருக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் பாக்கித் தவணையை நிறுத்தி வையுங்கள், மேலே இன்னொரு கடன் ஏற்றாதீர்கள்.

இணையத் தளங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 2005இல் ஆரம்பித்த கிவா என்ற தளத்தில் சிறு தொகையாகவே வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். ஒரு பெண்ணின் படம், அவருடைய தொழில், எவ்வளவு தேவை என்று காட்டுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல நேரங்களில் அந்தப் பெண்ணுக்கு உள்ளூர் நிறுவனம் முன்பே பணம் கொடுத்திருக்கும், உங்கள் பணம் அந்த நிறுவனத்துக்குப் போய் ஈடுசெய்யும். அவரிடம் அந்த நிறுவனம் வட்டியும் வாங்கும். 2009இல் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதிய பிறகு, தளமே தன் முகப்பு வாசகத்தை மாற்றிக்கொண்டது. நம் நாட்டில் இப்படி ஆளுக்கு ஆள் கடன் கொடுக்கும் தளங்களுக்கு 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. ஒருவருக்கு நீங்கள் அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் கொடுக்கலாம், தளம் எந்த உத்தரவாதமும் தரக் கூடாது, நட்டம் முழுக்க உங்களுடையது. 'நிச்சய வருமானம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று எந்தத் தளமாவது சொன்னால் விலகிவிடுங்கள். உங்கள் தெருவில் யாரையும் தெரியாது என்றால் உரிமம் உள்ள தளம் வழியாகச் செய்வது சரிதான். உங்களுக்குத் தெரிந்தவர் இருக்கிறாரே.

பணத்தைவிட உங்கள் நேரம் அதிகம் பயன்படும் ஓரிடம் உண்டு. தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் ஈடில்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்ததை 2025இல் 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அதைச் சரியாக அடைத்தால் 25,000, அடுத்து 50,000. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாநகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். விண்ணப்பம், ஆதாரோடு இணைந்த செல்போன் எண், வங்கியில் இரண்டு நடை என்று இழுக்கும். ஒருநாள் கடையை மூடிவிட்டு வங்கியில் காத்திருந்து 'மேனேஜர் இல்லை' என்று திரும்பினால் அவருக்கு அன்றைய வருமானம் போச்சு. படிவத்தை நீங்கள் பூர்த்தி செய்து, பள்ளி விடுமுறை நாளில் கூடப் போய் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் உங்கள் கடன் ஓடும்போதே இதையும் வாங்க வைக்காதீர்கள். உங்களுடையது முடியட்டும், விண்ணப்ப வேலையை மட்டும் இப்போதே தொடங்கலாம்.

மிச்சம் 15,000 இருக்கிறது. அதில் ஐயாயிரத்தை இவருக்காகவே தனியாக வையுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்தில், அவருடைய நாற்பது ரூபாய் சேமிப்பு வளர்வதற்கு முன் ஏதாவது அவசரம் வந்தால், தண்டல்காரருக்குப் போன் போவதற்கு முன் அது போக வேண்டும். அதற்குத்தான் முதலிலேயே சொன்னேன், அவருடைய இடத்தில் நீங்கள் வருகிறீர்கள் என்று. பத்தாயிரத்தை வங்கியிலேயே விடுங்கள். இரண்டாவது ஆளை இப்போதே தேட வேண்டாம். வாரம் 360 ரூபாய் திரும்பி வர ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் பார்த்த பிறகு, தெருவில் பூக்காரரோ இஸ்திரி போடுபவரோ உங்கள் கண்ணில் படுவார். இந்த ஆண்டு அம்மாவின் நினைவு நாளுக்கு எந்த ரசீதும் வராது என்பது உங்களுக்குக் குறையாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

அட்டையில் எத்தனை கட்டம் பாக்கி என்று கேட்டு எழுதுங்கள். ஞாயிறு, மழை மாதம், பள்ளி விடுமுறை எல்லாம் கழித்து அவருக்கென்று ஒரு தவணைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.